பின்னல் பறக்கும் பக்கம்

"அண்ணி, இவ விழுந்துடுவா."

நாத்தனார் சொன்னதும் ஓவியக்காரிக்குச் சுருக்கென்றது. நடன அரங்கின் நுழைவுச் சுவரில், ஆளுயரத்துக்கும் மேலாக ஓர் ஆடற்பெண். பழைய கோயில் தூண் ஒன்றில் இருந்த சிற்பத்தைப் பார்த்துப் பார்த்து அவள் வரைந்தது. சாயங்காலம் அரங்கத்தின் முதலாளி வருகிறார். பிடித்தால் உள்ளே இருக்கும் நீளச் சுவர் முழுவதும் அவளுக்குத்தான். பிடிக்காவிட்டால் வெள்ளையடித்துவிட்டு வேறு ஆளைப் பார்ப்பதாக முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

"எதுக்குடி விழுவா? கல்லுல இருக்கறத அப்படியே அளந்து போட்டிருக்கேன்."

"அளந்தா ஆச்சா? தினமும் ஆடறவ நான், எனக்கே பாத்தா கால் கூசுது."

சோதித்தே விடலாம் என்று ஓவியக்காரி ஒரு நூலின் நுனியில் சாவியைக் கட்டி, படத்தின் தொண்டைக்குழியிலிருந்து தொங்கவிட்டாள். நிற்கிற ஆளுக்கு அந்த நூல் ஊன்றிய பாதத்துக்கு நேராக வர வேண்டும். அப்போதுதான் கால் உடம்பைத் தாங்கும். இங்கேயோ பாதத்தைத் தாண்டி ஒரு சாண் தள்ளித் தொங்கியது. சிற்பத்தின் புகைப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். அதிலும் அதே கதை.

"அப்போ சிற்பியே தப்பு பண்ணிட்டாரா?"

"இருங்க, நான் நின்னு பாக்கறேன்."

நாத்தனார் வலக்காலை ஊன்றி, இடக்காலைத் தூக்கி, இடுப்பை ஒடித்து இடப்பக்கம் சாய்ந்தாள். சாய்ந்தவள் பெயிண்ட் டப்பாக்களின் மேலேயே போய் விழப் பார்த்தாள்.

"ஐயோ, என் மஞ்சள்!"

"நான் விழறேன், உங்களுக்கு மஞ்சள் கவலையா? சரி, ஆடிக்கிட்டே வரேன்."

இம்முறை மூலையிலிருந்தே காலைத் தட்டிக்கொண்டு வந்து, இடக்காலில் பாய்ந்து இறங்கினாள். இறங்குவதற்கு முன் கண்ணிமைக்கும் நேரம் அதே ஒடிவு, அதே சாய்வு!

"இன்னொரு தடவை!" ஓவியக்காரி கத்தினாள். "இன்னொரு தடவை ஆடுடி, என் ராசாத்தி!"

இப்போது அவள் பார்த்தது பின்னலை. உடம்பு இடப்பக்கம் போக, பின்னல் வலப்பக்கம் பறந்தது. துப்பட்டாவும் அப்படித்தான். உடம்பு முந்திக்கொள்கிறது, தொங்குவதெல்லாம் பின்தங்கி வருகிறது.

கல்லில் பின்னலும் மேலாடையின் நுனியும் உடைந்து போயிருந்தன. அவற்றை ஓவியக்காரிதான் தானாக வரைந்து சேர்த்திருந்தாள், இரண்டும் நேராகக் கீழே தொங்கும்படி. நேராகத் தொங்கும் பின்னலைக் கண்டதும் நம் கண், இவள் நிற்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறது. நிற்கிறவள் அவ்வளவு சாய்ந்தால் விழத்தானே வேண்டும்! சிற்பி பிடித்ததோ, ஓர் அடியை விட்டு அடுத்த அடிக்குப் போய்க்கொண்டிருப்பவளை.

"நீ நிறுத்தாம ஆடு!"

"மூச்சு வாங்குது அண்ணி!"

"வாங்கட்டும், ஆடு!"

பழைய பின்னலைச் சுவர் நிறத்தால் மறைத்துவிட்டு, புதியதை வீச்சாக இழுத்தாள். மேலாடையின் நுனியையும் பின்னுக்குப் பறக்கவிட்டாள்.

ஈரம் காய்வதற்குள் முதலாளி போனில் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்தார். சுவரை நிமிர்ந்து பார்த்தார். பேச்சு நின்றது. யாரோ குறுக்கே வருவதுபோல் சட்டென்று இரண்டு எட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

"உள் சுவர்ல எத்தனை பேரை ஆட விடப்போறீங்க?"

ஓவியக்காரிக்குக் காதில் விழவில்லை. அவர் ஒதுங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

"அண்ணி, சார் கேக்கறார்ல?"