போறணைக்குள் போன படம்

விழா பின்னேரம் நாலு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அழைப்பிதழின் முன்பக்கத்தை மன்றத் தலைவர் அப்புத்துரையின் பெயரும், அந்தப் பெயருக்குப் பின்னால் நீண்ட வாலும் முழுதாகப் பிடித்துக்கொண்டன. ஓய்வுநிலை உதவிக் கல்விப் பணிப்பாளர், சமாதான நீதவான், கலைச்சுடர், சமூகதீபம். எதற்காக விழா என்ற சங்கதி பின்பக்கத்தில், அச்சகத்தின் தொலைபேசி இலக்கத்துக்கு மேலே, எறும்பு எழுத்தில் கிடந்தது: 'தண்ணிக்குப் பயந்த எருமை. முன்பள்ளிச் சிறுவர்கள் குரல் கொடுத்த அசைவூட்டப் படம். ஆக்கம்: செல்வி ந. சாரங்கா.'

சாரங்கா உருத்திரபுரத்தில் முன்பள்ளி ரீச்சர். எருமையைக் காலுக்குக் கால், கொம்புக்குக் கொம்பு வரைந்து நடக்கவைக்க அவளுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அவ்வளவுக்கும் கிடைத்தது எட்டு நிமிடப் படம். எல்லாம் ஒரு கிழட்டு மடிக்கணினியில் செய்த வேலை. பிரான்சில் இருக்கும் சித்தப்பா புதிதொன்று வாங்கியபோது, எறியவும் மனமில்லாமல் வைத்திருக்கவும் இடமில்லாமல் அனுப்பிவைத்த சாமான். மூடியின் பிணைச்சல் ஒன்று உடைந்திருந்ததால் அது சுவரில் சாய்ந்துகொண்டுதான் உலகத்தைப் பார்க்கும். ஆனால் உள்ளே நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று இருந்தது. எருமை நடந்ததெல்லாம் அதன் புண்ணியத்தில்.

விழாவன்று காலை, துண்டு துண்டாகக் கிடந்த படத்தை ஒன்றாகச் சேர்த்து எடுக்கிற கடைசி வேலையைத் தொடங்கினாள். எருமை முதன்முதலாகக் குளத்தில் கால் வைக்கிற இடம் வந்தது. திரையில் மேலிருந்து கீழே இளஞ்சிவப்புக் கோடுகள் விழுந்தன, வாய்க்கால் வெட்டினதுபோல நேராக. பிறகு திரை பச்சையானது. பிறகு கறுத்தது.

சந்தியில் கைபேசி திருத்தும் ரூபனின் கடைக்கு அவள் ஸ்கூட்டியில் போன வேகத்தைப் பார்த்தவர்கள் யாருக்கோ வருத்தம் கடுமை என்றுதான் நினைத்தார்கள். ரூபனுக்குப் பழுது என்றால் திருவிழா. சாதாரணப் பழுதென்றால் தேர். விளங்காத பழுதென்றால் தீர்த்தம். மடிக்கணினியை வாங்கி, முதலில் கடைத் தொலைக்காட்சியோடு கம்பி போட்டு இணைத்தான். தொலைக்காட்சியிலும் அதே கோடுகள்.

"திரையிலை பிழையில்லை அக்கா," என்றான், முகம் மலர்ந்து. "திரை பழுதெண்டால் ரீவியிலை ஏன் கோடு வரப்போகுது?"

கிராபிக்ஸ் கார்டைத் தூங்கவிட்டுவிட்டுக் கணினியை ஏழ்மைக் கோலத்தில் எழுப்பிப் பார்த்தான். படங்கள் பூசணிக்காய் அளவில் வந்தாலும் கோடு இல்லை. கார்டை எழுப்பினான். கறுத்தது. அடிமூடியைக் கழற்றி, கிராபிக்ஸ் கார்டின் சதுரமான பெரிய சில்லின் ஒரு மூலையில் பெருவிரலை வைத்து அமத்தினான். கோடுகள் மறைந்தன. விரலை எடுத்தான். வந்தன. அமத்தினான். மறைந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோசத்தில், கள்ளன் கொண்டுபோனது தன்னுடைய பொருள் என்பதைச் சாரங்கா ஒரு நிமிடம் மறந்தே போனாள்.

சில்லுக்கு அடியில் குண்டூசித் தலை அளவில் நூற்றுக்கணக்கான ஈய மணிகள் இருக்கும், வருடக்கணக்காகச் சூடேறி ஆறியதில் சிலது வெடித்துவிட்டது, அமத்தும்போது ஒட்டுகிறது என்று ரூபன் விளங்கப்படுத்தினான். அப்படியென்றால் அமத்திக்கொண்டே இருக்கலாமே என்றாள் சாரங்கா. படம் சேர்ந்து முடிய முக்கால் மணித்தியாலமாவது செல்லும், அதற்குள் தன்னுடைய விரல் பொரிந்துவிடும் என்றான் அவன். வன்தட்டைக் கழற்றிக் கடைக் கணினியிலும் போட்டுப் பார்த்தார்கள். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத வீட்டில் கைநனைக்க மாட்டேன் என்று மென்பொருள் திறக்கவே மறுத்தது.

ஒரே வழி, அந்த மணிகளை உருக்கித் திரும்ப உட்காரவைப்பது. ரூபனிடம் இருந்த சூட்டுக்காற்றுக் கருவி கைபேசிச் சில்லுக்குத்தான் காணும். இந்தச் சில்லுக்கு அது கொட்டாவி விட்டதுபோல. அவன் தலையைச் சொறிந்தபடி வெளியே பார்த்தான். வீதிக்கு அந்தப் பக்கம் கமலாட்சியின் பேக்கரியில் பாண் வேகும் போறணையின் புகைபோக்கி. அவனுடைய கண் அதிலேயே நின்ற விதம் சாரங்காவுக்குப் பிடிபட்டது.

"ரூபன், விளையாடாதை."

"விளையாட்டில்லை அக்கா. வெளிநாட்டிலை குசினி அவணுக்குள்ளை வைக்கிறாங்கள். எங்களிட்டைப் போறணை இருக்கு." பிறகு கொஞ்சம் குரலை இறக்கினான். "நிரந்தர வைத்தியமில்லை. ஒரு கிழமையும் ஓடும். ஒரு மணித்தியாலத்திலையும் படுக்கும்."

ஒரு மணித்தியாலம் காணும், அது போதும் என்றாள் சாரங்கா. காணாவிட்டால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அப்புத்துரையின் சட்டைப்பையில் ஒரு பென்டிரைவ் எப்போதும் இருக்கும். அதற்குள் 'கல்விப் பாதையில் நான்': அவர் மாலை வாங்கும் படங்கள், மாலை வாங்கிவிட்டு நிற்கும் படங்கள், மாலையைக் கழற்றும் படங்கள். ஏற்கனவே இரண்டு விழாக்களில் போட்டாயிற்று. படம் தயாரில்லாவிட்டால் சபையை வெறுமனே இருத்தக்கூடாது, தான் கைகொடுப்பதாக அவர் காலையிலேயே பெருந்தன்மையோடு சொல்லியிருந்தார். முன்வரிசையில் பேப்பர்க் கொம்பு கட்டிக்கொண்டு, தங்கள் குரலைக் கேட்க வரப்போகிற பிஞ்சுகள் அந்த மாலைகளை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும். எருமைக்குக் குரல் கொடுத்த யதுர்ஷிகா இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை என்று தாய் சொல்லியிருந்தாள்.

கமலாட்சி மாவுக் கையோடு கதையைக் கேட்டாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். உரத்த தொண்டை, உரத்த சிரிப்பு. பாண் போறணைக்குள் இந்தச் சனியனை வைக்க விடமாட்டேன், பின்னால் கூரை வெடித்ததால் பாண் போடாமல் விட்ட பழைய போறணை இருக்கிறது, அதை மூட்டித் தருகிறேன் என்றாள். ஒரு நிபந்தனை.

"படத்துல நம்ம பேக்கரி பேரு வரணும், டீச்சர்."

"கடைசியிலை போடுறன் அக்கா."

"கடைசியில எல்லாம் எந்திரிச்சுப் போயிருவாங்க. மொதல்ல போடுங்க."

எருமைக்கு முன்னால் பேக்கரி என்று ஒப்பந்தமானது.

பாலை விறகு பிடித்து எரிந்தது. தணல் ஆனதும் கமலாட்சி அதை ஓரத்துக்கு வாரித் தள்ளினாள். ரூபன் மடிக்கணினியை எலும்பு வரைக்கும் கழற்றி, பலகையை வெள்ளித்தாளால் போர்த்தி, சில்லுக்கு மட்டும் முகம் திறந்து, பணிஸ் சுடுகிற தட்டில் கிடத்தினான். கமலாட்சி ஒரு கிள்ளு மாவைப் போறணைக்குள் எறிந்தாள். கறுத்தது. கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். மறுபடி எறிந்தாள். பொன்னிறம். பணிஸ் பதம் என்றாள். சில்லுக்கு எந்தப் பதம் என்று யாருக்கும் தெரியாததால் பணிஸ் பதத்திலேயே உள்ளே போனது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு. கைபேசி அடித்தது. விழாவுக்கு அறிவிப்புச் செய்யும் தயாளினி. சாரங்காவோடு முன்பள்ளியில் படிப்பிப்பவள். எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்று கேட்டாள். ஒன்றரை மணித்தியாலம் என்றாள் சாரங்கா.

"அதுக்கென்ன. சேர் இருக்கிறார்தானே," என்றாள் தயாளினி.

உருத்திரபுரத்தில் அப்புத்துரையின் பேச்சை ஒருவர் மனதார எதிர்பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் ஏமாற்றவில்லை. பலகை வெந்துகொண்டிருந்தபோது அவர் சிந்துவெளியில் எருமை முத்திரை கண்டெடுத்தார். தட்டை வெளியே எடுத்து, யாரும் தும்மக்கூடக் கூடாதென்று ரூபன் எச்சரித்து, பலகை தானாக ஆறும்வரை மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவர் எருமையைக் கைவிட்டுவிட்டுத் தன்னுடைய முதல் நியமனத்துக்கு வந்திருந்தார். ரூபன் எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது இஸ்குரு ஆணிகள் சில மிச்சமிருந்தன. அதைப்பற்றிக் கேட்கிற துணிவு யாருக்கும் இல்லை. பொத்தானை அமத்தினான்.

விசிறி இரைந்தது. வெளிச்சம் வந்தது. கோடு இல்லை. ஒரு கோடும் இல்லை. எருமை குளக்கரையில் நின்று அவர்களைப் பார்த்தது. கமலாட்சி கைதட்டியதில் கிளம்பிய மாவுப் புகைக்குள் ரூபன் ஆடத் தொடங்கினான். சாரங்கா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். படத்தின் தொடக்கத்தில் 'வெப்பம்: கமலாட்சி பேக்கரி' என்று அடித்து, சேர்க்கும் வேலையை ஓடவிட்டாள். மடிக்கணினியிலிருந்து பணிஸ் வாசம் வந்தது.

பாதி தாண்டிய நேரம் தயாளினி மறுபடி எடுத்தாள். சேர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், 'இறுதியாக' என்று சொல்லிவிட்டார், அதுவும் இந்தமுறை உண்மையான 'இறுதியாக' போல இருக்கிறது.

"துண்டு எழுதிக் குடு. இன்னும் பேசட்டாம் எண்டு," என்றாள் சாரங்கா.

இதுதான் பிழையாய்ப் போனது. நாற்பது வருட மேடை வாழ்க்கையில் அப்புத்துரைக்கு எத்தனையோ துண்டுகள் வந்திருக்கின்றன. 'நேரம் முடிந்தது.' 'விரைவாக முடிக்கவும்.' 'சேர், சோறு ஆறுது.' அத்தனையையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனவர் அவர். 'தயவுசெய்து இன்னும் பேசவும்' என்று ஒன்று வந்ததேயில்லை. வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒலிபெருக்கியில் "எனவே..." என்று ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தடுக்க ஆள் இல்லாத இடத்தில் என்னத்தைப் பேசுவது?

பேக்கரியில் அந்த மௌனம் இடிபோலக் கேட்டது. மூவரும் நிமிர்ந்தார்கள். கொஞ்சம் பொறுத்து ஒலிபெருக்கி சொன்னது: "எனவே, படம் ஆயத்தமாகும்வரை, அடியேனுடைய ஒரு சிறிய..."

சாரங்காவின் மனக்கண்ணில் கை சட்டைப்பைக்குள் போவது தெரிந்தது. திரையில் இன்னும் கால்வாசி வேலை கிடந்தது. போதாததற்கு, ஒரு நொடி, ஒரே நொடி, இளஞ்சிவப்புக் கோடு ஒன்று மின்னி மறைந்தது. சூடேறுகிறது என்று ரூபன் கத்த, கமலாட்சி பணிஸ் தட்டை எடுத்து மடிக்கணினிக்கு விசிறத் தொடங்கினாள். சாரங்கா கைபேசியை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"தயா, கெதியா. இன்னொரு துண்டு. 'நேரம் முடிந்துவிட்டது, உடனடியாக நிறுத்தவும்.' கீழை கோடும் போடு."

சில விநாடிகள். ஒலிபெருக்கியில் கடதாசி பிரிகிற சத்தம். ஒரு செருமல். அந்தச் செருமலில் உயிர் இருந்தது.

"எனக்கு இங்கே நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நல்லது. நேரம் என்றால் என்ன?"

இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தது. அப்புத்துரை நேரத்தைப் பற்றிப் பேசினார். நேரந்தவறாமையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். கமலாட்சி கை மாற்றி மாற்றி விசிறினாள். ரூபன் சில்லின் பக்கம் குனிந்து, அதனிடம் மன்றாடாத குறை. சாரங்கா வாழ்க்கையில் எந்தப் பேச்சையும் இவ்வளவு ஆசையோடு கேட்டதில்லை. ஒவ்வொரு "ஆகவே" விழும்போதும் படத்தில் இன்னொரு துண்டு சேர்ந்தது. வேலை முடிந்து, படம் பென்டிரைவில் ஏறி, அதை அவள் பிடுங்கிய கையோடு திரை பச்சையாகி, கறுத்து, போயே போய்விட்டது. அழ நேரமில்லை. ஓடினாள்.

விளக்கை அணைத்தார்கள். முதல் எழுத்து வந்தது: 'வெப்பம்: கமலாட்சி பேக்கரி.' வாசலில் மாவோடு நின்றவளைச் சனம் திரும்பிப் பார்த்துத் தட்டிய கைதட்டு, அன்றைக்குத் தலைவருக்குக் கிடைத்ததைவிடப் பெரிது. பிறகு எருமை வாயைத் திறந்தது.

"அது நான்," என்றாள் யதுர்ஷிகா, இருந்த இடத்திலிருந்தே, மண்டபம் முழுக்கக் கேட்க. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குச் சத்தம் கொடுத்த பொடியன் கதிரைமேல் ஏறி நின்று, திரையில் வருகிற சத்தத்தோடு சேர்ந்து மறுபடி ஓட்டினான். எருமை குளத்தில் கால் வைத்தபோது திரையில் இளஞ்சிவப்புக் கோடுகள் கொட்டின, படத்துக்குள்ளும் பதிந்துவிட்டிருந்தன. சாரங்கா கண்ணை மூடினாள். பிள்ளைகள் அது மழை என்று நினைத்துத் துள்ளினார்கள். எருமை அந்த மழைக்குள் இறங்கி நீந்தியது. இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார்கள், போட்டார்கள்.

நன்றியுரையில் சாரங்கா, நேரம் தந்து உதவிய தலைவருக்கு என்று உண்மையான நன்றியோடுதான் சொன்னாள். அப்புத்துரைக்கு அது போதுமாக இருந்தது. இரண்டே இரண்டு வார்த்தை என்று எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். அந்த இளஞ்சிவப்புக் கோடுகளைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது, அவற்றில் மூன்று ஆழமான குறியீடுகள் இருக்கின்றன, முதலாவது...

பிள்ளைகளுக்குப் பசி. முதல் பேச்சு முடிந்தபோது அவர் மேடையில் விட்டுப்போன இரண்டு துண்டுகளும் தயாளினியின் கையில் இருந்தன. ஒரு கணம் யோசித்தாள். பிறகு மேடைக்குப் போய், பணிவோடு, 'தயவுசெய்து இன்னும் பேசவும்' என்பதை நீட்டினாள்.

அப்புத்துரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். உட்கார்ந்தார்.