பிரியாணிக்கு நடுவில் ஒரு ஷூ

நெல்வின் எழுதும் கட்டுரைகளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதுதான் வெப்சைட்டின் விசேஷம் என்று அப்துல் சமத் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். படிக்கத்தான் யாரும் வரவில்லை.

கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் ஹாஸ்டல் சாம்பாருக்கு இரங்கல் உரை எழுதிப் பெயர் வாங்கியவன் நெல்வின். பி.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு, 2005-ல், ஆம்பூரில் அப்துல் சமத்தின் ஷூ கம்பெனியில் சேர்ந்தான். வேலை, கம்பெனி வெப்சைட்டுக்கு இங்கிலீஷில் கட்டுரை எழுதுவது. வெப்சைட் என்பது கல்யாண மண்டபத்து வரவேற்பு மாதிரி, அங்கே குடும்பப் பெருமையைத் தவிர வேறு பேச்சுக் கூடாது என்பது முதலாளியின் கொள்கை. ஆகவே நெல்வின் ‘தோலின் மேன்மை’ எழுதினான். ‘காலணியும் நாகரிகமும்’ எழுதினான். ‘உலகத்தரம்’ என்ற சொல் வராத பத்தியை முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் சில பத்திகளில் அதை இரண்டு தடவை போட்டான்.

பக்கத்தின் அடியில், வந்தவர் எண்ணிக்கையைக் காட்டும் கவுண்டர் ஒன்று இருந்தது. நெல்வின் பக்கத்தைத் திறந்தால் அது ஒன்று ஏறும். முதலாளியின் துபாய் மச்சான் தன் போட்டோவைப் பார்க்கத் திறந்தால் இன்னொன்று ஏறும். மற்றபடி அது நிம்மதியாக இருந்தது.

முதலாளி நிம்மதியாக இல்லை. ஒருநாள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மெட்ராஸ்ல லெதர் ஃபேர் வருது. அதுக்குள்ள ஆர்டர் கூட வேணாம்ப்பா, ஷூ கேட்டு ஒரு என்கொயரியாவது வரணும். வரலேன்னா சைட்டை மூடிடறேன்.”

சைட் போனால் நெல்வினின் நாற்காலியும் போகும். வேலூரில் அவன் அப்பா தேவசகாயம், ஹெட்மாஸ்டர், அந்த நாளுக்காகவே பி.எட். சீட் ஒன்றைப் பேசி வைத்துக்கொண்டு காத்திருந்தார். முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் எழுத்தை ஒரு தடவையாவது கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும், அதற்கப்புறம் சாக்பீஸ் பிடித்தாலும் பரவாயில்லை என்று நெல்வினுக்கு இருந்தது.

சைட்டை நடத்திக்கொடுக்கும் கம்பெனி ஒரு பக்கம் வைத்திருந்தது. எதைத் தேடிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள் என்று அதில் தெரியும். இத்தனை நாள் பார்க்காத அந்தப் பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தான். வழிதவறி வந்த கொஞ்சநஞ்சப் பேரும் ‘ஆம்பூர் பிரியாணி’ என்று தேடி வந்தவர்கள். வந்த வேகத்தில் போயிருந்தார்கள்.

பக்கத்து மேஜையில் எக்ஸ்போர்ட் பேப்பர்களைப் பார்க்கும் அஃப்ஸர் ஜஹான் எட்டிப் பார்த்தாள். “பசியோட வர்றவனுக்குத் தோலின் மேன்மையைக் காட்டினா அவன் இன்னா பண்ணுவான்?” என்றாள். “பிரியாணியைத் தேடி வர்றாங்க இல்ல, பிரியாணியைப் போடேன்.”

“நாம ஷூ விக்கறோம் அஃப்ஸர்.”

“இப்போ வித்துக் கிழிக்கறே?”

மறுநாள் காலை ஹைவே ஓரத்தில் ஒரு பிரியாணிக் கடையின் சமையல் கட்டுக்குப் போய் நின்றான். சீரக சம்பா ஊறுவதையும், கத்திரிக்காய் எண்ணெயில் சுருங்குவதையும், மாஸ்டர் தம் உடைக்கும்போது வரிசையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவதையும் பார்த்தான். தரையையும் பார்த்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஐஸ் கட்டி போல் இருந்தது. மாஸ்டர் கோணிப்பைகளை விரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் வைத்து, அண்டாவைச் சுற்றிக் கொக்கு மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

அதை அப்படியே எழுதினான். தம்மில் ஆரம்பித்து, அரிசி, கறி, கத்திரிக்காய் என்று போய், தரைக்கு வந்து, மாஸ்டரின் கொக்கு நடைக்கு வந்து, எண்ணெயில் வழுக்காத சோல் வைத்த ஷூவைத் தன் கம்பெனி செய்கிறது என்று ஒரே ஒரு பத்தி எழுதி, மறுபடி தயிர் பச்சடிக்குப் போய்விட்டான். ‘உலகத்தரம்’ எங்கேயும் வரவில்லை. லெதர் ஃபேருக்கு இடம் பேச முதலாளி மெட்ராஸ் போயிருந்த சமயம் பார்த்து சைட்டில் ஏற்றினான்.

கவுண்டருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை ஈமெயிலில் கைமாறி பெங்களூர், ஓசூர் என்று சுற்றியது. அடியில் கம்பெனி போன் நம்பர் இருந்ததால் போனும் அடிக்க ஆரம்பித்தது. ஆபீசில் அஃப்ஸர் ஜஹான் எடுத்தாள், கேட்டில் வாட்ச்மேன் எடுத்தார். பார்சல் உண்டா என்றார்கள். முட்டை தனியா என்றார்கள். முதலாளி ஊர் திரும்பி உட்கார்ந்ததும் எடுத்த முதல் போனில், ரெண்டு ஃபுல் ஒரு ஆஃப், எலும்பு கம்மியாக எடுத்து வைக்கச் சொல்லி ஒருவர் கேட்டார்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நெல்வினுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

“எங்கப்பா தோல் கம்பெனி வெச்சாரு. நீ அதை ஓட்டலாக்கிட்ட. திங்கக்கிழமை வந்து அதை எடுத்துடு. எடுத்துட்டு வேற வேலை பாத்துக்கோ.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வீட்டுக்கு வந்தபோது போன் அடித்தது. முதலாளி. உடனே ஆம்பூருக்கு வரச் சொன்னார், காரணம் சொல்லாமல் வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். பெங்களூரிலிருந்து ஒரு வேன் பூட்டிய கம்பெனி கேட்டில் வந்து நின்றிருக்கிறது. உள்ளே ஒரு குடும்பம், கையில் கட்டுரையின் பிரிண்ட். வாட்ச்மேன் முதலாளிக்குப் போன் போட்டு, பிரியாணி கேட்டு நேரிலேயே வந்துவிட்டார்கள் என்றிருக்கிறார். அப்துல் சமத்துக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனால் மத்தியானத்தில் சாப்பாடு கேட்டு வாசலுக்கு வந்தவர்களை ‘தப்பான அட்ரஸ்’ என்று திருப்பி அனுப்ப அவருக்கு நா எழவில்லை. எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அவர் மனைவி சுகரா பேகம் தன் வீட்டுத் தம்மில் இன்னும் கொஞ்சம் அரிசியைச் சேர்த்தார்.

நெல்வின் போய்ச் சேர்ந்தபோது முதலாளி பச்சடிக் கிண்ணமும் கையுமாகப் பந்தியில் நடந்துகொண்டிருந்தார். கிண்ணத்தை அவனிடம் நீட்டினார். “நீ கூப்ட்ட விருந்தாளிங்க. நீயே பரிமாறு.”

பரிமாறினான். பெரிய மீசைக்காரர் ஒருவர் மூன்றாம் தடவை பச்சடி வாங்கிக்கொண்டு, “இதை எழுதினது யாரு?” என்று கேட்டார். அவர் பெயர் ரத்தினசாமி. நெல்வின் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

“அந்தத் தரையை நல்லா எழுதியிருந்தே தம்பி. நான் பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனிங்களுக்கு கேன்டீன் நடத்தறேன். போன மாசம் என் சமையக்காரர் ஒருத்தர் வழுக்கி விழுந்து கையை ஒடிச்சிக்கிட்டாரு. அந்த ஷூவைப் பாக்கத்தான் வந்தேன்.”

முதலாளி நின்றுவிட்டார். “ஷூ கம்பெனின்னு தெரிஞ்சா வந்தீங்க?”

“பின்னே? கடைசி வரைக்கும் படிச்சேனே. கேட் பூட்டியிருந்தது. நீங்க வர்ற வரைக்கும் எங்க சாப்பிடலாம்னுதான் வாட்ச்மேனைக் கேட்டேன். அவர் உங்களுக்கே போன் போட்டுட்டாரு. நீங்க கூப்ட்டீங்க, பசி வேற, நாங்களும் வந்துட்டோம்.”

ஒரு வாரமாகப் பிரியாணிப் போனையே எடுத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் வேறு எதைப் புரிந்துகொண்டிருக்க முடியும்?

கம்பெனி திறக்கப்பட்டது, ஷூ வந்தது. போட்டுப் பார்த்தால்தான் ஆச்சு என்று ரத்தினசாமி சொல்ல, பின்கட்டுச் சிமெண்ட் தரையில் ஊற்ற முதலாளி நெய் கேட்டார். நெய்யெல்லாம் தர முடியாது என்று சுகரா பேகம் பாமாயில் கொடுத்தார். ரத்தினசாமி அதன்மேல் போனார், திரும்பினார், பேரக்குழந்தைகள் கேட்டுக்கொண்டதால் லேசாகக் குதித்தும் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா?” என்று பக்கத்தில் வந்த முதலாளி மட்டும் வீட்டுச் செருப்போடு ஒரு சறுக்குச் சறுக்கினார். நெல்வின் பிடித்துக்கொண்டான்.

ரத்தினசாமி எல்லா கேன்டீன் ஆட்களின் கால் அளவையும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, தூக்கில் பிரியாணியோடு வேனில் ஏறினார்.

வேன் போனதும் நெல்வின் மெதுவாகக் கேட்டான். “நாளைக்கு வந்து அந்தக் கட்டுரையை எடுத்துடட்டா சார்?”

முதலாளி செருப்பிலிருந்த எண்ணெயைப் படியில் தேய்த்துக்கொண்டிருந்தார். “வேலூர்னு போட்டா ஜனங்க இன்னா தேடறாங்க?”

“ஆஸ்பத்திரி சார்.”

கொஞ்ச நேரம் தேய்த்தார். “நர்ஸுங்க நாள் பூரா நின்னுக்கிட்டே இருப்பாங்க இல்ல?”

“ஆமா சார்.”

“எழுது. ஆனா இந்தத் தடவை போன் நம்பருக்குக் கீழே, இங்க வைத்தியம் பாக்கறதில்லன்னு பெருசா போட்டுடு.”