பியற்றிஸுக்கு வந்த இரண்டாவது பெரிய வெள்ளி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது லண்டனில், குட்மேய்ஸ் மீன்கடை வரிசையில். எனக்கு முன்னால் நின்ற செபமாலைமுத்து, கடைக்காரர் விளைமீனை வெட்டித் தரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி சொல்லும்போது மீன் வந்துவிட்டது. மீதியைக் கேட்க எனக்குப் பிறகு துணிவு வரவில்லை. ஆகவே பாதிக்கு மேல் வருவது என் கற்பனை. எந்த இடத்தில் மாறுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீலக் கடலில் அந்த வெள்ளைக் கப்பல் ஓர் அன்னத்தைப் போல"

இல்லை. பதினான்கு மாதங்களுக்கு முன் மகனைப் புதைத்தவளுக்குக் கப்பல் அன்னமாகத் தெரியாது.

2

பியற்றிஸ் செபமாலைமுத்துவின் மனைவி. அறுபத்திரண்டு வயது, மன்னார்ப் பிறப்பு. லண்டனுக்கு வந்தபின் முப்பது வருடங்களாக, தமிழ்ப் பங்கில் பெரிய வெள்ளிப் புலம்பலைத் தொடங்கியவள் அவள்தான். இயேசுவின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி வெள்ளைத் துணியில் கிடத்தியதும், மகனை மடியில் வைத்து மாதா அழுகிற அந்தப் பாட்டை அவள் எடுத்துக் கொடுப்பாள். மற்றப் பெண்கள் தொடர்வார்கள். ஷிப்ட் முடிந்து யூனிபோமோடு வந்து பின்னால் நிற்கும் ஆண்கள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள்.

மகன் டெனுசன் இருபத்தொன்பது வயதில் மாரடைப்பால் போனபோது அவள் பாடவில்லை. அழவும் இல்லை. செத்தவீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அடுப்படிவரை கேட்டது.

"ஊரையெல்லாம் அழப்பண்ணினவ. தன்ர பிள்ளைக்குக் கண் நனையேல்லை, பாருங்கோ."

(சொன்னவளின் பெயரை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் கெட்டவள் இல்லை. ஏன் அழுகை வரவில்லை என்ற அதே கேள்விதான் பியற்றிஸுக்கும் இருந்தது.)

போன வருடம் யாரும் அவளைப் பாடக் கேட்கவில்லை. இந்த வருடம் பாடகர் குழுவைப் பார்க்கும் துசியந்தி வீட்டுக்கே வந்தாள்.

"அக்கா, நீங்கள் இல்லாட்டித் தொடங்க ஆளில்லை."

"தொண்டை ஏலாது, துசி."

"தேத்தண்ணி இறங்குதுதானே, பிறகென்ன?"

பியற்றிஸ் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

3

பெரிய வெள்ளியன்று அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. உயிர்த்த ஞாயிறும் கழிந்தது. செபமாலைமுத்துவுக்கு மூச்சு வந்தது. மறுநாளே ஏதென்ஸுக்கு விமானம், அங்கிருந்து கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் கப்பல். எல்லாம் இரகசியமாக அவர் செய்த ஏற்பாடு. விளம்பரத்தில் 'ஈஸ்டர் பயணம்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஈஸ்டர் முடிந்ததால் மிஞ்சிய இடங்களை மலிவாகத் தள்ளுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.*

* கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டர் இந்த வருடம் ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், பிந்தி வந்தது. ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடாத மனிதருக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஆண்டவர் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் உயிர்ப்பார் என்று நம்பியிருந்தார். அவரை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

நான்காவது பிரதியில் டெனுசனை உயிரோடு கொண்டுவந்தேன். ஒரு துறைமுகத்தில், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தபடி, "அம்மா, லேட்" என்றான். எழுதுகிறவருக்கு இது ஒரு வரி வேலை; கல்லறைக் கல்லைப் புரட்டக்கூட வேண்டியதில்லை. ஆனால் பியற்றிஸ் நிமிர்ந்து பார்க்காமல் அவனைத் தாண்டிப் போய்விட்டாள். நான் கிழித்துப் போட்டேன்.

4

வெள்ளிக்கிழமை காலை ஒரு சின்னத் தீவில் இறங்கினார்கள். அதன் பெயர் செபமாலைமுத்துவுக்கு ஞாபகமில்லை. கோவில் மணி ஒரு தரம் அடித்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு தரம்.

நம்முடைய கத்தோலிக்கக் கோவில்களில் பெரிய வெள்ளியன்று மணி அடிப்பதில்லை. ஆகவே யாரோ செத்ததற்கு அடிக்கும் மணி என்பதைத் தவிர இருவருக்கும் வேறு நினைப்பு வரவில்லை.

"சாமணி," என்றாள் பியற்றிஸ்.

"ஓம், அப்பிடித்தான் கிடக்கு."

"கேட்டிட்டுப் பேசாமல் போறது சரியில்லை. ஒருக்காத் தலையைக் காட்டிட்டு வருவம்."

"ஆரெண்டே தெரியாது, பியற்றிஸ். நாலு மணிக்குக் கப்பல் வெளிக்கிட்டிடும்."

"செத்தவீட்டுக்கு ஆரும் கூப்பிட்டே போறது?"

கோவிலுக்குள் ஏழெட்டுப் பெண்கள் ஒரு மரப் பாடைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரோசா, எலுமிச்சம்பூ. பாடை வெறுமையாக இருந்தது.

"இளவயசாக்கும்," என்று பியற்றிஸ் முணுமுணுத்தாள். "இவ்வளவு பூ."

ஒருத்தி நகர்ந்து இடம் விட்டு, உட்கார்ந்த பியற்றிஸின் மடியில் ஒரு கை பூவை வைத்தாள். பக்கத்து வாங்குப் பலகையில் ஒரு துணி விரித்திருந்தது. அதில் நூலால் தைத்த உருவம்: செத்துக் கிடக்கும் மகன், அவன் முகத்தோடு முகம் வைத்த தாய்.

"இஞ்சாருங்கோ," என்றாள். துணியைக் காட்டினாள். "இது ஆண்டவர். இவைக்கு இண்டைக்குத்தான் பெரிய வெள்ளி."

"ஐயோ. நான் எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைச்சனே."

(மீன் வந்தது இந்த இடத்தில்.)

5

ஒரு முடிவில் அவள் பாடுகிறாள், கிரேக்கப் பெண்கள் விம்முகிறார்கள். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது.

இன்னொன்றில் அவள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கப்பலுக்குத் திரும்பிச் சாப்பிடுகிறாள். அதுதான் நடந்திருக்கலாம். எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது இது. செபமாலைமுத்து சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கோவிலில் 'ஆமென்' தவிர வேறெதையும் சத்தமாகச் சொல்லாதவர், கரகரத்த குரலில், எங்கோ நடுவிலிருந்து அந்தப் புலம்பலைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் சுருதி உடைந்தது.

"நிப்பாட்டுங்கோ. அது தொடக்கமில்லை."

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

"முப்பது வருசமாய்க் கேட்ட காது! அதுக்கு முன்னுக்கு ஒரு வரி இருக்கு. தாய் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுற வரி."

"அப்ப நீர் கூப்பிடும்," என்றார் அவர்.

பூக் கட்டியவர்களின் கைகள் நின்றன. பியற்றிஸ் வாயைத் திறந்திருக்கிறாள்.

மூன்று கிழமையாக நான் இந்த வரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பாட்டில் இருக்கிற பெயர் என்னவென்று எனக்குத் தெரியும். அவள் வாயில் வரப்போவது அந்தப் பெயரா, மற்றப் பெயரா, ஒன்றுமே இல்லையா என்பது தெரியாது. உங்களில் பிள்ளையைப் புதைத்தவர் யாராவது இருந்தால், உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் இருங்கள். இந்த இடம் உங்களுடையது.

மற்றவர்கள் என்னோடு வாசலுக்கு வாருங்கள். சத்தம் போடாமல்.