ஹிண்டே நிறுத்திய வாசிப்பு

கடவுளைக் கூண்டில் ஏற்றி, தப்பு உன் மேல்தான் என்று தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்புக்கு அவரைப் பணியவும் வைத்த ஊர் பூமியில் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ப்ரோஷ்னிட்ஸா. வியன்னாவில் பேரரசர் இருக்கிறார், ரோமில் போப் இருக்கிறார். அவர்களால் ஆகுமா இந்தக் காரியம்? நம்பாதவர்கள் மேலே படிக்கலாம். நம்புகிறவர்களுக்குப் படிக்க என்ன அவசியம்?

வழக்குப் போட்டவள் ஹிண்டே. அவள் புருஷன் கல்மென் மரக்கட்டைத் தெப்பம் ஓட்டுகிறவன். ஒரு வசந்தத்தில் ஆற்றோடு போனான். தெப்பம் ஊர் சேர்ந்தது, அவன் சேரவில்லை. செத்தான் என்று சொல்ல ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் இல்லை. எங்கள் யூதச் சட்டத்தில் அப்படிப்பட்டவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை.

மறுகல்யாணம் பற்றி அவளுக்கு நினைப்பே இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தாழ்ந்த முக்காலியில் ஏழு நாள் உட்கார்ந்து, மற்ற விதவைகளைப் போல அழ வேண்டும். இல்லையா, அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்க, வாயார ஏச வேண்டும். இரண்டில் ஒன்று. வருடா வருடம் பாஸ்கா பண்டிகைக்கு அவனுக்கு ஒரு சட்டை தைத்துவிடுவாள். அளவு நாடா தேவைப்பட்டதில்லை, தோள் அகலம் கைக்கே தெரியும். அவன் போன ஆறாம் வருடமும் தைக்க உட்கார்ந்தவளுக்குக் கை தடுமாறியது. தோள் மறந்துபோயிருந்தது. அன்றைக்குத்தான் முடிவெடுத்தாள்.

எங்களிடம் ஒரு பழைய உரிமை உண்டு. அநியாயம் நேர்ந்தவர் யாராக இருந்தாலும், சனிக்கிழமை ஓய்வுநாள் தொழுகையில் வேதமான தோராவின் சுருளைத் திறக்கும்முன் மேடை ஏறி மேசையில் அறையலாம். அவர் முறையீட்டைக் கேட்காமல் சுருளைத் திறக்கக் கூடாது. வழக்கமாக எடை குறைத்த கசாப்புக்காரன் மேல் போகும் வழக்கு. ஹிண்டே பெண்கள் மாடத்திலிருந்து இறங்கி, ஆண்கள் நடுவே நடந்து வந்து அறைந்தாள் பாருங்கள், கூரையில் இருந்த நாரைகள் பருவம் தப்பி எகிப்துக்கே பறந்துவிட்டன.

"யார் மேலம்மா வழக்கு?" என்றார் எங்கள் குரு, ரப்பி மெஷுலம்.

"மேல இருக்கிறவர் மேல."

பின்வரிசையில் மருந்துக்கடை ஆன்ஷெல் சிரித்தார். அவர் எதையும் நம்பாதவர். தொழுகைக்கு வருவதே வாயாடத்தான். "சம்மனை யார் கொண்டுபோறது? நம்ம தபால் குதிரை மேட்டுத் தெருவே ஏறாது."

ரப்பி சிரிக்கவில்லை. "என்ன அநியாயம் பண்ணினார்?"

"எம் புருஷனக் கொன்னாருன்னு சொல்லல. கொன்னாரா இல்லையான்னு சொல்லாம வெச்சிருக்காரே, அதச் சொல்றேன்."

"அவரோட இயல்பே நன்மை, ஹிண்டே. அது மாறாது. கடைசியில நியாயம் கிடைச்சே தீரும்."

"நெருப்புக்குச் சூடு மாதிரி அவருக்கு நன்மைன்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணினீங்க? ஆறு குளிர்காலமாப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், ரப்பி. விறைச்சுப்போச்சு. இது நெருப்புதானான்னு நான் கேக்கக் கூடாதா?"

"கடைசி நாள்ல எல்லாம் தெரியவரும்மா."

"அன்னிக்கு எல்லாருக்கும்தான் தெரியும். எனக்கு இன்னிக்குத் தெரியணும்."

ரப்பி இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு மூலைக்குப் போனார். மத்தியானம் தாண்டியது. ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாதென்று ரொட்டிக்காரன் அடுப்பில் முந்தின நாளே வைத்த அவரைக்கொட்டை, இறைச்சிப் பானைகள் தீய்ந்த வாசனை கார்பேத்திய மலையைத் தாண்டி ஹங்கேரிக்காரனையும் தும்ம வைத்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

திரும்பி வந்த ரப்பி கூரையைப் பார்த்தே பேசினார். "நியாயம் இவ பக்கம். நீர் பதில் சொல்லணும். எங்களால ஆனத நாங்க செஞ்சாச்சு. மத்த வழக்குக்கு ரெண்டு சாட்சி வேணும். இப்படித் தவிக்கிறவளுக்கு ஒண்ணு போதும்னு சட்டத்தையே தளர்த்தி வெச்சிருக்கோம். 'செத்தத நான் பாத்தேன்'னு சொல்ல ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள அனுப்ப உமக்கு முடியலையா?"

"ஒண்ணு போதுமா?"

கேட்டது ஆன்ஷெல். குரலில் கிண்டல் இல்லை. முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"ரெண்டு சாட்சின்னு படிச்சதோட நான் பள்ளிய விட்டுட்டேன், ரப்பி. ஆறு வருஷம் முன்னால மருந்து வாங்க யாரோஸ்லாவ் பட்டணத்துக்குப் போயிருந்தேன். ஆத்துலேருந்து ஒருத்தனத் தூக்கினாங்க. கல்மென். அங்க அவன யாருக்கும் தெரியாது, பேரச் சொன்னதே நான்தான். அங்க இருக்கிற நம்ம ஆளுங்க கல்லறையிலதான் புதைச்சோம். நான் ஒருத்தன் சொன்னா செல்லாது, இவளுக்கு இருக்கிற நம்பிக்கையும் போயிடும்னு வாய மூடிக்கிட்டேன்."

ஹிண்டே மேசையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு திறந்திருந்துச்சா?"

"நான்தான் மூடினேன்."

சுருளைத் திறந்தார்கள். வாசிப்பு நடந்தது. ஹிண்டேயின் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை.

ஓய்வுநாளில் துக்கம் கூடாது. நட்சத்திரம் வந்தால்தான் ஓய்வுநாள் முடியும் என்று வீட்டுவாசலில் வானத்தைப் பார்த்தபடி நின்றாள். அப்போதுதான் ரப்பி வந்து, தலையைக் குனிந்துகொண்டு, மீதியையும் சொன்னார். செத்து ஒரு மாதம் கடந்து வரும் சாவுச் செய்திக்கு ஏழு நாள் கிடையாது. ஒரு மணி நேரம்தான்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"சட்டம் அவ்வளவுதாம்மா."

செருப்பைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஒரு மணி நேரம் எப்போது முடிந்தது என்று ஊரில் யாரும் பார்க்கவில்லை. நேரம் சொல்ல வேண்டிய ரப்பி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவர் தூங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆன்ஷெல் வாசற்படியைத் தாண்டத் துணியாமல் நின்றார். அழுது ஓய்ந்தபின் ஹிண்டே நிமிர்ந்தாள்.

"ஆறு வருஷம் கழிச்சு, ஒரு மணி நேரம். இது நியாயம்னா வாங்கிக்கறேன். நன்மைன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல, வரணும்னுதான் ஏங்குறேன். நீங்க சொல்லுங்க. இன்னிக்குப் பதில் சொன்னது அவரா, நீங்களா?"

ஆன்ஷெல் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டிருந்தார்.

"தெரியல ஹிண்டே. காலையில பேசற எண்ணம் எனக்குத் துளிகூட இல்ல. அவர் பேசினாரான்னு கேட்டா, நான் எப்படிச் சொல்லுவேன்? ஆனா நீ கேட்ட, பதில் வந்துச்சு. நடந்தது நடந்ததுதான்."