கிராணி வீட்டுச் சமையல்காரி

பிணத்தைக் குளிப்பாட்ட எடுத்து வந்த நீர்க்குடம் தோளிலிருந்து இறங்குவதற்குள், ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுவிட்டது. ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ரங்கசாமி குடத்தோடு வாசல் பக்கம் திரும்பினான். முனியாயி தன் பெண்சாதி என்று இன்று எல்லார் முன்னாலும் துரையிடம் சொல்லியாக வேண்டும். ஆறு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தி, நேற்று சாயங்காலம் குளிர்காய்ச்சலில் கண்ணை மூடியவள். துரைக்கு மட்டும் அவள் கிராணி வீட்டுச் சமையல்காரி.

அந்தப் பொய் தானாக முளைத்ததா என்ன? அவனே நட்டதுதான். போன வருஷம் துரையின் மனைவி இங்கிலாந்தில் இறந்தபோது, துரை ஊருக்கு எழுதிய கடிதத்தை டைப் அடித்தது ரங்கசாமி. அதில் 'செரிஷ்' என்று ஒரு வார்த்தை. இங்கிலீஷில் புலி என்று செலண்டார் டவுன் வரைக்கும் பேரெடுத்தவனுக்கே அது பிடிபடவில்லை. பொருள் கேட்டான். துரை பொறுமையாகச் சொன்னார்: ஒருவரை அருமையாக நினைத்து, கண்ணும் கருத்துமாக வைத்துக்கொள்வது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல். அன்பானவருக்கும் விலை கூடிய பொருளுக்கும் அவர்களிடம் ஒரே வார்த்தைதானாம். மனசுக்குள் நினைத்தால் மட்டும் போதாது என்றும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் முனியாயி வந்து நின்றாள். மரத்தில் பால் வெட்டிவிட்டு நேரே வந்தவள். காலெல்லாம் சேறு, சேலையில் காய்ந்த ரப்பர் பால், கையில் அவனுக்குச் சோற்றுத் தூக்கு. யாரென்று துரை கேட்டார். காலில் சப்பாத்தும் கழுத்தில் டையுமாக உட்கார்ந்திருந்த கிராணிக்கு வாய் குளறவேயில்லை. சமையல்காரி என்றான், இங்கிலீஷில்.

தோட்டத்துத் தமிழ் பழகிய துரை அவளைப் பார்த்து, "நல்ல சமையல்காரி!" என்று சிரித்து வைத்தார்.

அவள் தூக்கை வாசலிலேயே வைத்தாள். மறுநாளிலிருந்து ஆபீஸ் பின்வாசலில் வைத்துவிட்டுப் போனாள். இவனும் அப்பாடா என்று இருந்துவிட்டான். இன்று காலை லீவுக் கடிதத்தில்கூட 'வீட்டில் ஒரு மரணம்' என்றுதான் எழுதினான். என்ன மனுஷனோ!

துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். முனியாயியின் அம்மா பெத்தம்மாள் மகளின் தலைமாட்டில் இருந்தாள். ஒப்பாரி நின்றது.

"கிராணி, உன் சமையல்காரி செத்துப் போச்சு. எனக்கு ரொம்ப வருத்தம்" என்றார் துரை, தமிழில், எல்லாருக்கும் கேட்க.

லயத்து வரிசை வீடுகளின் ஜனம் மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நீர்க்குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பெத்தம்மாள்தான் பேசினாள். "ஆமாங்க தொரை. ஆறு வருசமா கிராணிக்கு ஆக்கிப் போட்டவ."

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மகள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் போன தீபாவளிக்கு இவன் தலையில் எண்ணெய் வைத்துவிட்டிருக்கிறாள். ரங்கசாமிக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

துரை பிணத்துக்குத் தலைகுனிந்துவிட்டுப் புறப்பட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் மரங்களுக்குள் தேயும்வரை ரங்கசாமி அசையவில்லை.

குளிப்பாட்டி, புதுச்சேலை உடுத்தியாயிற்று. "பொட்டு வெக்கணும். புருசன் எங்க? வரச்சொல்லுங்க" என்றாள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா.

அவன் மண்டியிட்டுக் குங்குமத்துக்குக் கை நீட்டினான். "அத்தை..."

"இருக்கட்டுங்க கிராணி. நானே வெச்சிடறேன்." நேற்றுவரை மாப்ளே என்று கூப்பிட்டவள்.

விரலால் குங்குமத்தைத் தொட்டு, மகள் நெற்றியில் பெரிதாக வட்டமிட்டாள். கொஞ்சம் மூக்கில் சிந்தியது. பெத்தம்மாள் குனிந்து, மெதுவாக அதை ஊதிவிட்டாள்.