புகார் இல்லாத வகுப்பு

எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டதால் நாமும் மிஸ் என்றே வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு ஆசிரியை. நல்ல மனுஷிதான், ஆனால் "மிஸ், இவனைப் பாருங்க மிஸ்" என்ற குரல் காதில் விழுந்தால் மட்டும் அவருக்குத் தலைக்கு மேல் கோபம் வரும். இவன் கிள்ளினான், அவள் முறைத்தாள், இவன் என் பென்சிலை முகர்ந்து பார்த்தான் என்று பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்பார்கள். பாதி நேரம் பாடம், மீதி நேரம் பஞ்சாயத்து என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் பொறுமை போய், யார் கோள் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர்களே ஒரு வாரம் போர்டு துடைக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். தப்பு செய்தவனுக்குத் தண்டனை உண்டா என்பது அப்புறம். சொன்னவனுக்கு நிச்சயம் உண்டு.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. அதுதான் வினை.

அந்தச் சட்டத்தில் அதிகம் அடிபட்டவள் ரேடியோ. வீட்டில் வைத்த பெயர் வேறு. வகுப்பு வைத்த பெயர் இது. யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை, யார் யாரோடு டூ விட்டிருக்கிறார்கள் என்று எல்லாச் செய்திகளும் அவளிடம் சுடச்சுடக் கிடைக்கும், கேட்காமலே ஒலிபரப்பாகும். வாரம் தவறாமல் போர்டு துடைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூளில் தும்மித் தும்மி, ஒரு பருவம் முடிவதற்குள் அவளும் வாயை மூடிக்கொண்டாள். தலைமையாசிரியை ஒருமுறை எட்டிப் பார்த்து, "உங்க வகுப்புல ஈ பறந்தாக்கூடக் கேக்கும் போலிருக்கே" என்று மெச்சிவிட்டுப் போனார். மிஸ்ஸுக்குத் தலை கால் புரியவில்லை.

இந்த நேரத்தில்தான் முகாம் வந்தது. மலையடிவாரத்தில் ஓர் ஏரி, கரையில் கூடாரங்கள். ஓர் இரவு தங்கி, விடிகாலையில் மலையேறிச் சூரியன் வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எல்லா வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள், சிட்டுவின் அம்மா தவிர. அவர் தையல்கடை வைத்திருப்பவர். சிட்டு போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்க, அம்மா முடியவே முடியாது என்று நிற்க, நடுவில் மிஸ் கடைக்கே போய்ப் பேசிப் பார்த்தார்.

மாடிப்படிக்குக் கீழே நுழைத்த மாதிரி ஒரு கடை. ஸ்டூலில் கிடந்த துணிகளை அள்ளித் தரையில் போட்டுவிட்டு மிஸ்ஸை உட்காரச் சொன்னார் அம்மா.

"இவளுக்கு இளைப்பு இருக்கு மிஸ். புகை ஆகாது, பனி ஆகாது. ராத்திரியில இவ மூச்சு விடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் நான் தூங்குவேன். அங்க யாரு கேப்பாங்க?"

"நான் கேக்கறேன். இவ கூடாரத்துக்கு அடுத்த கூடாரம் என்னுதுதான். என்னை நம்பி அனுப்புங்க."

அம்மா மகளைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு துண்டுத் துணியை எடுத்து, சிட்டுவின் பம்ப் நுழையும் அளவுக்கு ஒரு குட்டிப் பை தைத்து, நாடா கோத்து அவள் கழுத்தில் மாட்டினார். இளைப்பு வந்தால் வாயில் வைத்து அழுத்தி மருந்தை இழுக்கிற அந்தப் பம்ப்தான் சிட்டுவுக்கு உயிர். இன்னொன்றும் வாங்கிக் கொடுங்கள், என்னிடம் இருக்கட்டும் என்று கேட்க மிஸ்ஸுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மற்றபடி முகாமில் மிஸ் எதையும் விட்டுவைக்கவில்லை. எங்கே போனாலும் ஜோடியாகப் போக வேண்டும். ஏரிப் பக்கம் கயிறு கட்டி, கயிற்றைத் தாண்டக் கூடாது என்று மிரட்டியாயிற்று. பிள்ளைகளின் கூடாரத்துக்குள் எந்தப் பெரியவரும் தனியாக நுழையக் கூடாது, மிஸ்ஸே ஆனாலும் இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போக வேண்டும். விசில் ஊதினால் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். ஊதிக்கொண்டே இருந்தார்.

"மிஸ், இது சுற்றுலாவா, ராணுவமா?" என்று கேட்டார் கூட வந்திருந்த விளையாட்டு மாஸ்டர்.

"பத்திரமா வீடு போய்ச் சேரட்டும், அப்புறம் சிரிங்க மாஸ்டர்."

பொழுது சாய்ந்ததும் மாஸ்டர் விறகு அடுக்கித் தீ மூட்டினார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடினார்கள். சிட்டு மட்டும் புகை வராத பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். புத்திசாலிப் பெண் என்று மிஸ் மெச்சிக்கொண்டார்.

"பம்ப் இருக்கில்ல?"

சிட்டு கழுத்து நாடாவைத் தொட்டுக் காட்டினாள். ஸ்வெட்டருக்குள் பை லேசாகப் புடைத்திருந்தது. பக்கத்தில் இருந்த அவள் கூடாரத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் அந்தப் பார்வையையும் கவனித்தார். ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத பிள்ளைகள், நான் வளர்த்த வகுப்பு என்று உள்ளுக்குள் பூரித்துப் போனார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவருக்கு அந்த ஒரு பார்வை மட்டும் பிடிபடவில்லை.

சாப்பாடு முடிந்து, மிஸ் போர்வைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ரேடியோ வந்து நின்றாள். ஏற்கெனவே போர்வை வாங்கிப் போனவள்.

"மிஸ், நான் ஒரு வாரம் போர்டு துடைக்கிறேன்."

"இங்க ஏதுடி போர்டு?"

"ஸ்கூலுக்குப் போனப்புறம் மிஸ். ஒரு வாரம் பத்தாதுன்னா ரெண்டு வாரம்."

"எதுக்கு?"

"நீங்க முதல்ல சரின்னு சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

மிஸ்ஸுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு முன்பே தண்டனையைக் கட்டிவிட்டு வந்து நிற்கிற குழந்தை. மிஸ் கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தார்.

"சரி. சொல்லு."

"சிட்டுவோட பம்ப் ஏரியில விழுந்துடுச்சு மிஸ். சாயங்காலமே. பையை விட்டு வெளிய எடுத்து எங்க எல்லாருக்கும் காட்டினா. நாங்க தூக்கிப் போட்டுப் பிடிச்சு விளையாடினோம். நானும்தான் விளையாடினேன். கயித்துக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. இப்போ பைக்குள்ள சோப்பை வெச்சிருக்கா."

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"அவதான் சத்தியம் வாங்கினா. சொன்னா மலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்களாம். அவங்க அம்மா இனிமே எங்கயும் அனுப்ப மாட்டாங்களாம்." கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "அதோட... நீங்கதான் எதையும் வந்து சொல்லக் கூடாதுன்னீங்க. ஆனா அவ படுக்க மாட்டேங்கறா மிஸ். உக்காந்தே இருக்கா. என்னன்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டறா, பேச முடியல அவளால."

துணைக்கு வந்திருந்த ஐந்தாம் வகுப்பு டீச்சரைக் கையோடு இழுத்துக்கொண்டு மிஸ் கூடாரத்துக்குள் ஓடினார். சிட்டு முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பைத்தான் மிஸ்ஸால் தாங்க முடியவில்லை.

மாஸ்டரும் டீச்சரும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, டிரைவர் பஸ்ஸைக் கிளப்பினார். கேட்காமலே ரேடியோவும் ஏறிக்கொண்டாள். இறக்கிவிட மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை. சிட்டுவோ அவளைக் கண்டதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிட்டுவைச் சாயவிடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்த மிஸ்ஸுக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. நல்ல பிள்ளைகள் என்று நினைத்தேனே, நல்ல பிள்ளைகளா, பயந்த பிள்ளைகளா? இன்றைக்குப் பம்ப் போயிற்று. நாளைக்கு யாரோ ஒரு பெரிய ஆள் ஒரு குழந்தையிடம், இதை யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால்? அந்தக் குழந்தை என்னிடமா வந்து சொல்லும்? வந்து சொல்வதுதான் தப்பு என்று நான்தானே பாடம் நடத்தியிருக்கிறேன், அதுவும் தினமும்! கயிறு கட்டினோம், விசில் ஊதினோம், எல்லாம் செய்தோம். வாயை மட்டும் தைத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சின்ன ஆஸ்பத்திரிதான், ஆனால் திறந்திருந்தது. நர்ஸ் சிட்டுவின் முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்கள் இறங்கின, உதட்டில் நிறம் திரும்பியது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மடித்துக்கொண்டே, "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. இதோட விடிகாலைக் குளிர்ல மலை ஏறியிருந்தா, நாம இப்படி நிதானமாப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்" என்றார். பம்ப் ஒன்றும், வேளைக்கு ஒன்றாக மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மலை கூடாது, ஏரிக்கரையில் வெயிலில் உட்கார்ந்திருக்கலாம் என்றார்.

மாஸ்க்கைக் கழற்றியதும் சிட்டு ரேடியோவைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "கோள்மூட்டி."

"ஆமா," என்றாள் ரேடியோ. "நீ மூச்சு விட்ட சத்தம் எனக்குப் பயமா இருந்துச்சு."

சிட்டு யோசித்தாள். பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ரேடியோ செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது மிஸ்ஸுக்கு.

போனைக் கையில் எடுத்தார். குழந்தை தேறிவிட்டாள், நாளைக்கு நேரில் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று ஒரு நினைப்பு வராமல் இல்லை. ரேடியோவே சொல்லிவிட்டாள், உனக்கு என்ன கேடு என்று தன்னையே கேட்டுக்கொண்டு எண்ணை அழுத்தினார். ஒன்றையும் மறைக்காமல், இன்னொரு பம்ப் கேட்டு வாங்காதது தன் தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பக்கம் திட்டுச் சத்தம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

கடைசியில் அம்மா சொன்னார்: "போனை அவ நெஞ்சுகிட்ட வைங்க மிஸ்."

வைத்தார். சிட்டு மூச்சை இழுத்து விட்டாள், இழுத்து விட்டாள். அந்தப் பக்கம் ஒரு தாய் கேட்டுக்கொண்டிருந்தார். "காலையில முதல் பஸ்ஸுக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரவோடு இரவாகச் சிட்டுவோடு முகாமுக்குத் திரும்பியிருந்த மிஸ், விடிந்ததும் விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூட்டினார். மலைக்குத்தான் என்று எல்லோரும் ஷூ மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"சூரியன் வர்றதைப் பாக்கறது தவறிப்போச்சு, மலைக்கு அப்புறம் போகலாம். கோள் சொன்னா போர்டு துடைக்கணும்னு ஒரு சட்டம் போட்டேன் இல்ல, அது தப்பு. உங்க மேல தப்பு இல்ல, என் மேலதான். இனிமே ஒரு மாசத்துக்கு போர்டை நான் துடைக்கிறேன். உங்களுக்கு மனசுக்குச் சரியில்லன்னு எது பட்டாலும் வந்து சொல்லுங்க. நான் கோபப்பட மாட்டேன்."

முதலில் யாரும் அசையவில்லை. வலை விரிக்கிறாரோ என்று சந்தேகம். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் மெல்லக் கையைத் தூக்கினான்.

"மிஸ், இவன் என் சாக்ஸைப் போட்டிருக்கான்."

அணை உடைந்தது. ஒரு பருவத்துக்கும் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினார்கள். இவள் குறட்டை விட்டாள், அவன் என் ரொட்டியைப் பிடுங்கினான், மாஸ்டர் சுருதியே இல்லாமல் பாடினார். எல்லாவற்றுக்கும் மிஸ் தலையாட்டினார். அந்த இரைச்சலுக்கு நடுவே, குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, ஒருத்தி குளிக்க ஒருத்தி காவல் நிற்கிறோம் என்று ஒரு குரல் வந்தது. இருட்டில் கழிப்பறைக்குப் போகப் பயந்து நேற்று மதியத்திலிருந்து ஒருவன் தண்ணீரே குடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. நேற்று வரை இதெல்லாம் மிஸ்ஸின் காதுக்கு வந்திருக்காது. மாஸ்டர் தாழ்ப்பாளைப் பார்க்க ஓடினார், டீச்சர் அந்தப் பையனுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும்போதே சிட்டுவின் அம்மா வந்து சேர்ந்தார். தூங்காத முகம். சிட்டு கூடாரக் கம்பைக் கட்டிக்கொண்டாள், கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயம். அம்மா எதுவும் பேசாமல் மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, பையிலிருந்து ஒரு பம்ப்பை எடுத்து மிஸ்ஸின் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும்." பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "யாரு சொன்னது?" என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரையும் மாட்டிவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. ரேடியோவே திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்து நின்றாள்.

அம்மா அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"நேத்து உங்களை நம்பி அனுப்பினேன் மிஸ்," என்றார், பார்வையை ரேடியோவிடமிருந்து எடுக்காமலே. "இன்னிக்கு இவளை நம்பி விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் பஸ்ஸோட வந்தா போதும்."

மிஸ்ஸுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது, அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பியதும் பின்னாலிருந்து ரேடியோவின் குரல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

"ஆன்ட்டி! சிட்டு காலை மாத்திரையை இன்னும் போடல ஆன்ட்டி!"

மிஸ்தான் முதலில் ஓடினார், தண்ணீர் எடுத்துவர.