பிட்டுவுக்குத் தைத்த துணிக்குழாய்

நாங்கள் குடியிருக்கிற ரோவில் என்ற புறநகரில் சாறிச் சட்டை தைக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதிலென்ன? இந்த விமலாதேவி வெட்டிய கழுத்து தோளை விட்டு நழுவாது. அதன் உட்பக்கத்தில் 'விமலா' என்று சிவப்பு நூலில் எழுதிய சின்னப் பெயர்த்துண்டு இருக்கும். அது இல்லாமல் ஒரு சட்டையும் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

அப்பேர்ப்பட்ட நான் போன மாதம் ஒரு ஃபெரட்டுக்கு விளையாட்டுச் சாமான் தைத்தேன்.

ஃபெரட் என்பது பார்வைக்குக் கீரியின் தம்பி மாதிரி இருக்கும். என் மகள் மிருணாளினி படிக்கிற காலத்திலேயே இரண்டைக் கொண்டுவந்து வீட்டில் விட்டாள். நீளமாய் வெள்ளையாய் இருந்தவனுக்குப் பிட்டு என்றும், மண்ணிறமாய் இருந்தவளுக்குச் சம்பல் என்றும் பெயர். அவள் அந்த இரண்டையும் கூப்பிடும்போதெல்லாம் தனக்குப் பசிக்கிறது என்று என் கணவர் இளங்கீரன் முறைப்பாடு செய்வார்.

சம்பல் வயது போய்ச் செத்துவிட்டாள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் மிருணாவுக்குப் பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிரிஸ்பேன் இருக்கிற குயின்ஸ்லாந்தில் ஃபெரட் வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது. தன் பழைய சொக்ஸ் ஒன்றைப் பிட்டுவின் படுக்கையில் வைத்துவிட்டு அழுதுகொண்டே விமானம் ஏறினாள். பிட்டு எங்களிடம் மிஞ்சினான்.

மிஞ்சினான் என்றுதான் சொல்ல வேண்டும், இருந்தான் என்று சொல்ல முடியாது. சொக்ஸுக்குள் மூக்கை வைத்தபடி நாள் முழுக்கக் கிடந்தான். கோழியிறைச்சியைக் கையால் ஊட்டினால் ஒரு வாய், இரண்டு வாய், அதோடு முகத்தைத் திருப்பிக்கொள்வான். மிருக வைத்தியர் நோய் ஒன்றும் இல்லை என்றார். துணையும் போய், வளர்த்தவளும் போய், தேட ஒன்றும் தோண்ட ஒன்றும் இல்லாமல் சலித்துப்போயிருக்கிறானாம். ஃபெரட் வளர்ப்பவர்களின் கழகத்திலிருந்து ஹெதர் என்ற பெண் மிருணாவோடு பேசினாள். பலராட் என்ற ஊரில் அவள் வீட்டில் ஒரு ஃபெரட் கூட்டமே இருக்கிறதாம். சனிக்கிழமை வந்து பார்ப்பாள், அதுவரையில் தேறாவிட்டால் பிட்டுவைக் கொண்டுபோய்விடுவாள்.

"அம்மா, எனக்கு வேற வழி தெரியேல்லை," என்று மிருணா வீடியோவில் விம்மினாள். "அவன் செத்துப்போனா நான் என்ன செய்ய?"

"உன்ர தாய் உயிரோடதானே இருக்கிறன்? என்ர வீட்டுச் சாப்பாடு பிடிக்கேல்லையெண்டு ஒரு சீவன் பலராட்டுக்குப் போறதோ? ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊர், விமலா?" என்றார் கதிரையில் இருந்த என் கணவர்.

"நீங்கள் வாயை மூடுங்கோ."

சொன்னதெல்லாம் வீறாப்பு. உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. மகளும் போய் அவள் விட்டுப்போன உயிரும் போனால், அந்த அறைக்குள் எந்த முகத்தோடு போவேன்?

மிருணா கடையில் ஓடர் கொடுத்து, ஃபெரட் புகுந்து விளையாடுகிற துணிக்குழாய் ஒன்று அனுப்பியிருந்தாள். திருப்பிப் பார்த்தேன். அதுவும் ஒரு தையலா? விரலால் இழுக்க நூல் அவிழ்ந்து கையோடு வந்தது. அந்த நூலை விழுங்கினால் ஃபெரட்டுக்குக் குடல் அடைக்குமாம். குப்பையில் போட்டுவிட்டு மெஷின் முன்னால் இருந்தேன். பொத்தான் கூடாது, இலாஸ்டிக் கூடாது, ரப்பர் கூடாது, நகம் கொளுவுகிற துவாய்த் துணியும் கூடாது என்று மிருணா சொல்லியிருந்தாள். உள்ளுக்குப் பழைய ஃபிளீஸ் போர்வையை வெட்டினேன். வெளியே கலியாணச் சட்டைகளில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்டேன். இரண்டுக்கும் நடுவில், ஊர்ந்துபோனால் சரசரக்கட்டும் என்று, கழுவிக் காயவைத்த சிப்ஸ் பைகளை வைத்து இரட்டைத் தையல் போட்டேன். பட்டுவேட்டி கட்டிய மாப்பிள்ளை மாதிரி இருந்தது குழாய்.

பெயர்த்துண்டு மட்டும் வைக்கவில்லை. கீரிக்குத் தம்பியாருக்குத் தைத்ததில் என் பெயரா? யாராவது கண்டால் சிரிப்பார்கள்.

மிருணா வீடியோவில் பார்த்துக் கைதட்டினாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள்.

"அம்மா, உள்ளுக்கு என்ன அது? மடிப்பு மாதிரி?"

"அதுவோ? பிறகு பெருப்பிக்கிறதுக்கு நாலு விரல் துணி விட்டிருக்கிறன்."

"பெருப்பிக்கிறதோ! அம்மா, இது சாறி பிளவுஸ் இல்லை!"

பழக்கதோஷம். என்னிடம் சட்டை தைத்தவர்களில் அடுத்த வருடமும் அதே அளவில் நின்ற ஒருத்தியை நான் இன்னும் காணவில்லை. அதனால் தையலுக்கு உள்ளே துணி விடாமல் என் கை எதையும் மூட்டாது. குழாய்க்கு நீளத்துக்கும் அப்படியே விட்டிருந்தேன்.

"நகம் மாட்டும் அம்மா. வெட்டி விடுங்கோ, ப்ளீஸ்."

"நல்ல துணியை வெட்டி எறியிறதோ? என்னால ஏலாது."

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன்தான், மனம் வரவில்லை. கடைசியில் மிஞ்சிய துணியின் இரண்டு ஓரங்களையும் மடித்து ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, ஒரு முனையை மட்டும் திறந்து விட்டேன். நகம் மாட்ட இனி இடமில்லை. குழாயின் உள்ளே வயிற்றோரம் நீளமாக ஒரு பை மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

பிட்டுவின் படுக்கைக்குப் பக்கத்தில் குழாயை வைத்தேன். மோந்து பார்த்தான். திரும்பப் படுத்துக்கொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மகாராசாவுக்குப் பட்டும் போதாதோ?" என்று திட்டிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன்.

அந்தக் கிழமை வீட்டில் எதை வைத்தாலும் காணவில்லை. முதலில் என் அளவுநாடா. பிறகு என் கணவரின் சொக்ஸில் ஒன்று. பிறகு, என்னிடம் தைக்கத் தந்த நிரூபாவின் சட்டைக்கு வெட்டி வைத்த கை. பிட்டுவின் தட்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நான் யாரைப் பிடிப்பேன்?

"இஞ்சேருங்கோ, என்ர நாடாவை எடுத்தனீங்களோ?"

"நான் ஏன் எடுக்கிறன்? எனக்கென்ன இடுப்பு அளக்கவோ?"

"அப்ப இறைச்சியை? அவன் சாப்பிட்டான் எண்டு நான் நம்பட்டும் எண்டு நீங்கள்தானே குப்பையில கொட்டுறீங்கள்? எனக்குத் தெரியும்!"

"உமக்கு விசர்," என்றார் மனுஷன். வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் ஹெதர் ஒரு கம்பிக்கூட்டோடு வந்துவிட்டாள். தேநீர் கொடுத்தேன். பிட்டு வழக்கம்போல் படுக்கையில் சுருண்டு கிடந்தான். போகிற இடத்தில் பழகிய சாமான் ஒன்று இருக்கட்டும் என்று ஹெதர் குழாயைத் தூக்கினாள். தூக்கியவள் புருவத்தை உயர்த்தினாள். இதற்குள் என்ன இவ்வளவு பாரம் என்று கேட்டாள்.

அந்த நொடியில் படுக்கையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு பாய்ந்தது. பிட்டு! குழாயின் நுனியைக் கவ்விப் பிடித்து, முதுகை வளைத்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளிக் குதித்தான். 'டுக் டுக் டுக்' என்று அவன் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. சம்பல் போன பிறகு நாங்கள் கேட்காத சத்தம். ஹெதர் குழாயை மெல்லக் கீழே வைத்தாள். நான் முழந்தாளிட்டு அந்தப் பைக்குள் கையை விட்டேன்.

அளவுநாடா வந்தது. வெட்டிய சட்டைக்கை வந்தது. இளங்கீரனின் சொக்ஸ் வந்தது. என் வீட்டுச் செருப்பின் துணிக் குஞ்சம் வந்தது. காய்ந்துபோன இறைச்சித் துண்டுகள் வந்தன, மூன்று நாளாக வீட்டில் என்ன மணக்கிறது என்று நான் தேடியது அதுதான். எல்லாவற்றுக்கும் அடியில், பத்திரமாக மடிந்து, மிருணாவின் சொக்ஸ் கிடந்தது.

"ஐயோ, என்ர கள்ளா!" என்று கத்திவிட்டேன். கண் நிறைந்து வழிந்தது.

ஹெதர் பிட்டுவைத் தூக்கி வயிற்றைத் தடவினாள். நிறை கூடியிருக்கிறான் என்றாள். நாங்கள் வேலைக்கும் கடைக்கும் போன நேரத்தில் எழுந்து தின்று, திருடி, ஒளித்திருக்கிறான். தன் வீடு என்று நினைத்தால்தான் ஃபெரட் பொருள் சேர்க்குமாம், போகப்போகிறவன் சேர்க்கமாட்டானாம். இந்த உட்பையை யார் யோசித்தது என்றும் கேட்டாள். எத்தனையோ குழாய் வாங்கியிருக்கிறாளாம், ஒன்றிலும் ஒளிக்க இடம் இல்லையாம்.

பழக்கதோஷம் என்று சொல்ல எனக்கென்ன விசரா?

"நான்தான்," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. பின்னால் என் கணவர் இருமினார்.

ஹெதர் வெறுங்கூட்டோடு பலராட்டுக்குப் போனாள், தன் வீட்டுக் கூட்டத்துக்கும் இதே மாதிரி தைத்துத் தரச் சொல்லிவிட்டு. கார் தெருமுனை திரும்ப முன்னமே மிருணாவின் அழைப்பு வந்துவிட்டது. கேட்கப் பயந்து கேட்டாள்.

"அம்மா... கொண்டு போயிட்டாவோ?"

"அவன் போகமாட்டானாம் பிள்ளை. இஞ்ச சொத்துச் சேர்த்துப்போட்டான். உன்ர சொக்ஸும் இருக்கு, என்ர நாடாவும் இருக்கு."

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது. எடுத்ததையெல்லாம், இறைச்சியைத் தவிர, நான் ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தேன். பக்கத்தில் நின்று பிட்டு ஒவ்வொன்றையும் சரிபார்த்தான். நாடா போகட்டும், நான் வேறு வாங்குவேன்.

பிறகு மெஷின் மேசை இலாச்சியைத் திறந்து பெயர்த்துண்டு ஒன்றை எடுத்தேன். குழாயின் வாயில், பட்டுப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்து இரட்டைத் தையல் போட்டேன்.

"கீரிக்குத் தம்பியாருக்கோ உம்மட பெயர்?" என்றார் இளங்கீரன்.

"கீரியில்லை. என்ர வீட்டுப் பிள்ளை," என்றேன். நூலைக் கடித்து அறுத்தேன்.